தேர்தலுக்கு முன் ஒரு தேர்தல்

ஒரு பதவிக்கு ஒரு தேர்தல் நடத்துவதற்குள்ளேயே நம் நாட்டில் எத்தனை கூட்டம், எத்தனை கோஷம், எத்தனை மனஸ்தாபம்! அமெரிக்க தேசத்தாரோ ஒரே பதவிக்கு இரண்டு தேர்தல் நடத்துகிறார்கள். சில ராஜ்யங்களில் மூன்றுகூட நடத்துகிறார்கள். "அவர்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது" என்று நேயர்களில் சிலர் சொல்லக்கூடும். அப்படி அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூற வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம். பிள்ளையோ பெண்ணோ அங்கே குடியேறி, அந்நாட்டுப் பிரஜையாகி, ஓட்டுரிமையும் பெற்றிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஒன்றிரண்டு அல்ல. அவர்களில் பலர் நவம்பர் மாதத்தில் நடக்கும் பெரிய தேர்தலைத் தவற விடுவதில்லை. அதற்கு முன்னால் ஓசையில்லாமல் வந்து போகும் பூர்வாங்கத் தேர்தலையோ கவனிப்பதே இல்லை. பல இடங்களில் விஷயம் அந்த முதல் தேர்தலிலேயே முடிந்து போய்விடுகிறது என்பதே இன்று நாம் சொல்ல வந்த சமாசாரம்.

நம் நாட்டில் ஒரு கட்சியின் அபேட்சகர் யார் என்பதைக் கட்சித் தலைவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். மனுப் போடுகிறவர்கள் காத்துக் கிடக்கிறார்கள், ஜாபிதா வெளியாகிறது, சிலர் முகம் மலர்கிறது, பலர் முகம் வாடுகிறது. ஓட்டர்களாகிய நமக்கு அதில் வேலை ஒன்றுமில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. கட்சி மகாநாடு என்ற பெயரால் சில பெரிய மனிதர்கள் கூடி, யாருக்கு எந்தப் பதவி என்று பங்கு போட்டுக் கொண்டார்கள். இந்தப் பழக்கத்தை எதிர்த்துப் பலமாகப் போராடியவர்களில் ஒருவர் விஸ்கான்ஸின் ராஜ்யத்தின் கவர்னராக இருந்த ராபர்ட் லா பாலெட். அந்த ராஜ்யத்து ஜனங்கள் 1904-ஆம் ஆண்டில் ஓட்டுப் போட்டு, அபேட்சகர்களை இனி மக்களே பொறுக்க வேண்டும் என்ற சட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். டெக்ஸாஸ் ராஜ்யத்திலும் 1903, 1905-ஆம் ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களால் இந்த முறை வேரூன்றியது.

நம் வீட்டு வழக்கத்தைக் கொண்டு சொன்னால், நவம்பர் தேர்தல் முகூர்த்தம். பூர்வாங்கத் தேர்தல் நிச்சயதார்த்தம். கல்யாணப் பத்திரிகை அச்சடித்து, மேளக்காரருக்கு முன்பணமும் கொடுத்தான பிறகு, "மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வதில் என்ன பிரயோஜனம்?

டெக்ஸாஸ் ராஜ்யத்தையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம். ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின் நகரங்களைச் சுற்றித் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். ஹூஸ்டனை அடுத்த பியர்லாந்தில் மீனாட்சியம்மனுக்கே கோயில் இருக்கிறது. அந்த ராஜ்யத்தில் 1874 முதல் நூறு வருஷத்துக்கு மேலாக டெமாக்ரடிக் கட்சியார் மட்டுமே கவர்னராக வந்தார்கள். 1978-ஆம் வருஷத் தேர்தலில்தான் அந்தத் தொடர் அறுந்தது. பிறகு சக்கரம் முழுதும் சுழன்று, ராஜ்யம் முழுவதற்குமான பதவி ஒன்றிலேனும் டெமாக்ரடிக் கட்சி ஜயித்தது 1994-ல்தான் கடைசி என்றாகிவிட்டது. எந்தக் கட்சி நல்லது என்று சொல்வது நம் வேலையல்ல. ஒரே கட்சி தொடர்ந்து வெற்றி பெறும் ஊரில், அந்தக் கட்சிக்குள் நடக்கும் பொறுக்குதல்தான் உண்மையான தேர்தல். அடுத்தது வெறும் சடங்கு. அன்றும் அப்படி, இன்றும் அப்படி.

1948-ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்க செனட் சபைக்கு டெமாக்ரடிக் அபேட்சகர் யார் என்று தீர்மானிக்க டெக்ஸாஸில் நடந்த இரண்டாம் சுற்றுப் பூர்வாங்கத் தேர்தலில் ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. லிண்டன் ஜான்ஸன் என்பவர் 87 ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். பத்து லட்சத்தில் எண்பத்தேழு! ஆலிஸ் என்ற ஊரின் 13-ஆம் நம்பர் பெட்டியில் சுமார் 200 ஓட்டுகள் நாள் கடந்து சேர்ந்தன என்றும், அந்தப் பெயர்கள் அகராதி வரிசையில் ஒரே மையால் எழுதப்பட்டிருந்தன என்றும் எழுந்த புகார் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. நவம்பரில் ஜான்ஸன் சிரமமில்லாமல் வெற்றி பெற்றார். 1963-ல் அமெரிக்காவின் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். அன்று வீட்டில் உட்கார்ந்திருந்த 88 பேர் எழுந்து போய் எதிராளிக்கு ஓட்டுப் போட்டிருந்தால் சரித்திரம் எப்படிப் போயிருக்குமோ!

பூர்வாங்கத் தேர்தலின் மதிப்பு என்னவென்று அறிய இன்னொரு வழியும் உண்டு. பொக்கிஷ அறைக்குத்தானே பூட்டுப் போடுவார்கள்? டெக்ஸாஸில் இந்தத் தேர்தலுக்கு எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டார்கள் என்று பாருங்கள்.

1923-ஆம் ஆண்டில் அந்த ராஜ்யச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. டெமாக்ரடிக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் கறுப்பு மக்கள் ஓட்டுப் போடக்கூடாது என்பதே அது. நவம்பர் தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போடுவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து ஓட்டுப் போடுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

எல் பாஸோ நகரத்தில் லாரன்ஸ் நிக்ஸன் என்ற கறுப்பு டாக்டர் இருந்தார். 1924-ஆம் வருஷம் அவர் ஓட்டுச் சாவடிக்குப் போனார், திருப்பி அனுப்பப்பட்டார். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1927-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லாது என்று கூறிற்று. உடனே சட்டசபை, "நாங்கள் தடுக்கவில்லை, கட்சியின் நிர்வாகக் கமிட்டி விரும்பினால் தடுத்துக் கொள்ளட்டும்" என்று சட்டத்தை மாற்றியது. டாக்டர் நிக்ஸன் மறுபடியும் வழக்குத் தொடுத்தார். 1932-ல் மறுபடியும் ஜயித்தார். கட்சிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? கட்சி மகாநாட்டைக் கூட்டி, வெள்ளையர் மட்டுமே அங்கத்தினர் ஆகலாம் என்று தாங்களே தீர்மானம் போட்டுக் கொண்டார்கள். 1935-ல் சுப்ரீம் கோர்ட்டும், "கட்சி என்பது தனிப்பட்டவர்களின் சங்கம், அதில் நாம் தலையிடுவதற்கில்லை" என்று ஒதுங்கிக் கொண்டது.

பூட்டு உடைய மேலும் ஒன்பது வருஷங்கள் பிடித்தன. ஹூஸ்டன் நகரத்துப் பல் வைத்தியர் லானி ஸ்மித் என்பவருக்காக, தர்குட் மார்ஷல் என்ற கறுப்பு வக்கீல் வாதாடினார். 1944 ஏப்ரல் 3-ஆம் தேதி எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. பூர்வாங்கத் தேர்தலும் தேர்தல்தான்; அதில் நிறம் பார்த்து ஒருவரை விலக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஸ்திரமாயிற்று. அந்த வருஷம் ஜூலை மாதத்தில், இருபது வருஷத்துக்கு முன் தம்மைத் திருப்பி அனுப்பிய அதே சாவடியில், டாக்டர் நிக்ஸன் தம் மனைவியுடன் சென்று ஓட்டுப் போட்டார்.

கதை இத்துடன் முடியவில்லை. ஹூஸ்டனுக்கு அருகில் போர்ட் பெண்ட் என்ற ஜில்லா. அங்கே 1889 முதல் 'ஜேபேர்ட்' என்ற பெயரால் வெள்ளையர் சங்கம் ஒன்று இருந்தது. கட்சியின் பூர்வாங்கத் தேர்தலுக்கும் முன்னதாக, தங்களுக்குள் அவர்கள் ஒரு தேர்தல் நடத்திக் கொண்டார்கள். அதில் ஜயித்தவரே பெரும்பாலும் அடுத்த தேர்தலிலும், அதற்கடுத்த தேர்தலிலும் ஜயித்தார். கதவைத் திறக்கச் சொன்னால், கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு வைத்துவிட்டார்கள்! அறுபது வருஷத்துக்கு மேல் நடந்த அந்த வேடிக்கைக்கு 1953-ல் சுப்ரீம் கோர்ட் முற்றுப்புள்ளி வைத்தது. இன்று அதே போர்ட் பெண்ட் ஜில்லாவில், சுகர்லாண்ட் முதலிய ஊர்களில், இந்தியக் குடும்பங்கள் ஆயிரக் கணக்கில் வாழ்கின்றன. 1965-ஆம் ஆண்டில் ஓட்டுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அந்த 87 ஓட்டு ஜான்ஸனே என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவு வழியாக இப்போது எத்தனை பேர் நுழைகிறார்கள்? 2022-ஆம் ஆண்டு டெக்ஸாஸில் ஓட்டர்களாகப் பதிந்திருந்தவர்கள் 1 கோடி 70 லட்சத்துக்கு மேல். மார்ச் மாதப் பூர்வாங்கத் தேர்தலில் இரு கட்சியிலுமாகச் சேர்ந்து ஓட்டுப் போட்டவர்களோ ஏறக்குறைய 30 லட்சம் பேர். ஆறு பேரில் ஒருவர் போய் எல்லோருக்குமாகத் தீர்மானித்துவிட்டு வந்தார். ஐந்து பேர் வீட்டில் இருந்தார்கள். அந்த ஐந்து பேரை யாரும் தடுக்கவில்லை.

ஆகவே, ஓட்டுரிமை உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுவோம்.

முதலாவது, ஓட்டு பிரஜைகளுக்கு மட்டுமே. நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பச்சை அட்டை வேறு, பிரஜா உரிமை வேறு. பிரஜையாகாதவர் யாரேனும் விண்ணப்பத் தாளை நீட்டினார்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், ஓட்டு கிடைக்காதது மட்டுமல்ல, அந்த நாட்டில் வசிக்கும் உரிமைக்கே ஆபத்து வரலாம்.

இரண்டாவது, பெயரைப் பதிவு செய்வது. டெக்ஸாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். இது ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறுபடும். விஸ்கான்ஸினில் தேர்தல் அன்றே பதியலாம். வடக்கு டகோட்டாவில் பதிவு என்பதே கிடையாது. வீடு மாறினால் விலாசத்தையும் மாற்றிக் கொள்ள வேண்டும். இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் பெயரில் தகப்பனார் பெயர் ஒரு காகிதத்தில் முன்னெழுத்தாக நிற்கிறது. இன்னொன்றில் குடும்பப் பெயராகி முழு நீளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டர் ஜாபிதாவில் உள்ள பெயரும் அடையாளச் சீட்டில் உள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று சாவடியில் பார்ப்பார்கள். ஆதலால் முன்கூட்டியே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொள்வது நலம்.

மூன்றாவது, எந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டு என்பது. டெக்ஸாஸில் ஓட்டர் எந்தக் கட்சியிலும் முன்னதாகப் பதிய வேண்டியதில்லை. சாவடியில் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம்; இரண்டையும் வாங்க முடியாது. மார்ச் மாதத்தில் ஒரு கட்சிச் சீட்டில் ஓட்டுப் போட்டவர், அந்த வருஷம் மறு கட்சியின் இரண்டாம் சுற்றில் ஓட்டுப் போட முடியாது. நவம்பரில் மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். நியூயார்க், பென்ஸில்வேனியா, புளோரிடா போன்ற ராஜ்யங்களிலோ கட்சியின் பெயரோடு முன்பே பதிந்தவர்களுக்கு மட்டுந்தான் அந்தக் கட்சியின் சீட்டுக் கிடைக்கும். 2016-ஆம் வருஷம் ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த ஜனாதிபதிப் பூர்வாங்கத் தேர்தலில், கட்சி மாறிப் பதிவதற்கான கெடு முந்திய வருஷம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதைக் கவனியாதவர்களில் டொனால்ட் டிரம்பின் மகள் இவான்காவும் மகன் எரிக்கும் இருந்தார்கள்! சொந்தத் தகப்பனாருக்கு ஓட்டுப் போட அவர்களால் முடியவில்லை. பிறகு அந்த ராஜ்யத்தார் 2019-ல் சட்டத்தைத் திருத்திக் கெடுவைத் தளர்த்தினார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் நாள்காட்டியில் தேதியைக் குறித்து வைப்பது அவசியமல்லவா?

நான்காவது, அடையாளச் சீட்டு. மோட்டார் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பிரஜா உரிமைப் பத்திரம் முதலிய ஏழு வகைகளை டெக்ஸாஸில் ஒப்புக் கொள்கிறார்கள். கைத்துப்பாக்கி லைசென்ஸும் அந்த ஏழில் ஒன்று! ஆனால் சர்வகலாசாலை மாணவர்களின் அடையாள அட்டை செல்லாது. காலேஜில் படிக்கும் பேரனுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

ஐந்தாவது, சீட்டின் நீளம். அமெரிக்க ஓட்டுச் சீட்டில் ஒரு பெயரைக் குறித்துவிட்டுத் திரும்பி விட முடியாது. கவர்னர் முதல் ஜில்லா அதிகாரிகள் வரை வரிசையாக வருவார்கள். டெக்ஸாஸில் நீதிபதிகளைக்கூடக் கட்சி வாரியாக ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நவம்பர் தேர்தலிலாவது ஒருவரைத் தெரியாவிட்டால் கட்சிப் பெயரைப் பார்த்துக் குறித்துவிடலாம். பூர்வாங்கத் தேர்தலில் எல்லோரும் ஒரே கட்சி. பெயரையும் மனிதரையும் தெரிந்துகொண்டு போனால்தான் உண்டு. சாவடிக்குள் கைப்பேசியை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். டெக்ஸாஸில் அதற்குத் தடை இருக்கிறது. வீட்டிலேயே விசாரித்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொண்டு போகலாம், அதற்குத் தடையில்லை.

ஆறாவது, தொகுதி. டெக்ஸாஸில் பிரதிநிதி சபைத் தொகுதிகளின் எல்லைகளை 2021-ல் மாற்றினார்கள். 2025-ல் மறுபடியும் மாற்றி வரைந்தார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, தொகுதி மட்டும் காலடியில் நகர்ந்து போயிருக்கலாம். சென்ற முறை ஓட்டுப் போட்ட பெயர் இந்த முறை சீட்டில் இல்லையே என்று சாவடியில் நின்று திகைப்பதைவிட, முன்பே பார்த்துக் கொள்வது மேல்.

ஏழாவது, முதியோர் விஷயம். பிரஜையாகிவிட்ட 65 வயதுக்கு மேற்பட்ட தாய் தகப்பனார் டெக்ஸாஸில் தபால் மூலம் ஓட்டுப் போடலாம். அதற்கு விண்ணப்பம் செய்ய வேண்டும். எந்தக் கட்சியின் சீட்டு என்பதையும் அதில் குறிக்க வேண்டும். தேர்தலுக்கு 11 நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கண் பார்வை குறைந்தவர்களும் படிக்க இயலாதவர்களும் சாவடிக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல 1965-ஆம் வருஷச் சட்டம் பின்னர் பெற்ற திருத்தத்தால் உரிமை உண்டு. அந்தத் துணை, வேலை கொடுக்கும் எஜமானராகவோ தொழிற்சங்கத்தாராகவோ மட்டும் இருக்கக்கூடாது. கூடப் போகும் மகனோ மகளோ, அம்மாவின் இஷ்டப்படி குறிக்க உதவ வேண்டுமே தவிர, தங்கள் இஷ்டத்தை அம்மாவின் சீட்டில் ஏற்றிவிடக்கூடாது.

எட்டாவது, இரண்டாம் சுற்று. டெக்ஸாஸில் இரட்டைப்படை வருஷங்களில் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை பூர்வாங்கத் தேர்தல் நடைபெறும். யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழாவிட்டால், முதல் இருவருக்கும் மே மாதத்தில் மறுபடி போட்டி. "முதல் சுற்றில் முந்தியவர்தானே வரப்போகிறார்?" என்று இருந்துவிடக் கூடாது. 2012-ல் செனட் பதவிக்கு ரிபப்ளிகன் கட்சிக்குள் நடந்த போட்டியில் டேவிட் டியூஹர்ஸ்ட் நூற்றுக்குச் சுமார் 45 ஓட்டுப் பெற்று முதலில் நின்றார். டெட் குரூஸ் 34 ஓட்டுடன் இரண்டாமவர். அந்த வருஷம் ஜூலையில் நடந்த இரண்டாம் சுற்றில் ஓட்டுப் போட வந்தவர்கள் குறைந்தார்கள். முடிவு தலைகீழாகி, குரூஸ் 57 ஓட்டுடன் ஜயித்து, பிறகு செனட் சபைக்கும் போனார்.

எல்லா ராஜ்யத்துக்கும் ஒரே சட்டம் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்குக் கலிபோர்னியா அத்தாட்சி. அங்கே 2010-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஒரு புதுமுறையைக் கொண்டு வந்தார்கள். ஜனாதிபதி தேர்தல் நீங்கலாக, ராஜ்யத்தின் பெரும் பதவிகளுக்கு எல்லாக் கட்சியாரும் ஒரே சீட்டில் நிற்பார்கள். முதல் இருவர் யாரோ, அவர்கள் எந்தக் கட்சியாயினும், நவம்பருக்குப் போவார்கள். 2016 ஜூன் மாதத்தில் செனட் பதவிக்கு 34 பேர் நின்றார்கள். முதலில் வந்தவர் கமலா ஹாரிஸ். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் புதல்வி, மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட பி. வி. கோபாலனின் பேத்தி. இரண்டாவதாக வந்தவரும் அதே டெமாக்ரடிக் கட்சியைச் சேர்ந்த லொரெட்டா ஸான்செஸ். நவம்பர் மாதத்தில் ரிபப்ளிகன் ஓட்டர்கள் சீட்டை வாங்கிப் பார்த்தபோது, அந்தப் பதவிக்கு அவர்கள் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. ஜூன் மாதத்திலேயே கதவு சாத்தியாகிவிட்டது.

"நல்ல மனிதர்கள் தேர்தலில் நிற்பதே இல்லை, எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று அலுத்துக் கொள்வது எல்லாத் தேசத்திலும் படித்தவர்களின் வழக்கம். நல்ல மனிதர் நின்றிருக்கலாம்; மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையன்று, சில நூறு ஓட்டுக் குறைந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அந்தச் சில நூறு பேர் அன்று எங்கே இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

அந்நிய தேசத்தில் பிரஜா உரிமை பெறுவதற்காக நம் பிள்ளைகள் எத்தனையோ வருஷங்கள் காத்திருக்கிறார்கள். சரித்திரப் பரீட்சையும் எழுதுகிறார்கள். அந்தச் சரித்திரத்தில் டாக்டர் நிக்ஸன் காத்திருந்த இருபது வருஷமும் சேர்ந்தது. அடுத்த முறை டெலிபோனில் பேசும்போது, "சாப்பாடு ஆயிற்றா? குழந்தைக்கு ஜலதோஷம் தேவலையா?" என்று விசாரித்த பிறகு, "உங்கள் ராஜ்யத்தில் பூர்வாங்கத் தேர்தல் என்றைக்கு? பெயர் பதிந்தாயிற்றா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கும்படி நேயர்களை வேண்டிக் கொள்கிறோம்.